சிவப்புக் கோட்டும் மூன்றாவது கேட்சரும்

பெலிக்கன் மோட்டல், ஃப்ளோரிடா
மார்ச் 7, 1986

அன்புத் தங்கை கார்லாவுக்கு,

அக்கா நொரீன் எழுதுவது. நானும் ரஸ்ஸும் சௌக்கியம். என் பெண்ணை வைத்துக்கொண்டு நீயும் மார்வினும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டெப் பள்ளிக்கூடம் போக அடம் பிடிக்கிறாளா? இன்னும் உன் நாயைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாளா? ஆறு வயதுப் பெண்ணைத் தங்கை தலையில் கட்டிவிட்டுப் புருஷன் பின்னால் கடற்கரைக்குப் போய்விட்டாள் என்று அம்மா பேசுவாள். பேசட்டும். பேஸ்பால் பயிற்சி முகாம் முடிந்து எந்த ஊருக்குப் போவோம் என்றே தெரியாதபோது குழந்தையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று அம்மாவே சொல்லட்டும்.

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் மழையைப் பற்றிப் பேசினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. முகாம் நடக்கும்போது அணியில் இடம் கிடைக்குமா என்பதைப் போனில் பேசக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். நான்கு வருடத்துக்கு முன் ரஸ் அவன் அப்பாவைக் கூப்பிட்டு இடம் கிடைத்துவிட்டது என்றான். மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். பேஸ்பால்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கும்போது சுண்ணாம்புக் கோட்டை மிதிக்க மாட்டார்கள், ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை காலுறையைத் துவைக்க விடமாட்டார்கள். அவர்களோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தினால் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. காகிதத்தில் எழுதினால் குற்றமில்லையாம். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கக் கிளப்புக்கு மூன்று கேட்சர்கள் வேண்டும். இரண்டு பேர் பெரிய அணியில், ஒருவன் இரண்டாம் அணியில். மேலே யாருக்காவது அடிபட்டால் கீழே இருப்பவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவனுக்குக் கிளப்பில் வைத்திருக்கும் பெயர் கையிருப்பு. மளிகைக் கடையில் மாவு மூட்டையைச் சொல்வது மாதிரி. முதல் இடம் பெர்னி ஆல்வுட்டுக்கு என்பது கல்லில் எழுதியது. மீதி இருப்பது ரஸ், அப்புறம் டிராய் ஹாக்கின்ஸ் என்று ஜார்ஜியாவிலிருந்து வந்திருக்கும் இருபத்துநான்கு வயதுப் பிள்ளை. இவர்களில் ஒருவன் பெர்னிக்குப் பக்கத்தில் உட்காருவான், மற்றவன் கீழே போவான்.

டெப் கணக்கில் சொன்னால் ஒருவன் பனி ஊருக்கு, ஒருவன் பல்லி ஊருக்கு. பெரிய அணியின் ஊர் ஏப்ரலிலும் உறைந்து கிடக்கும். இரண்டாம் அணியின் ஊர் பாலைவனத்தில் இருக்கிறது, போன வருடம் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஆறு பல்லி. பனி ஊருக்கென்று நான் டெப்புக்கு ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புக் கோட்டில் கடைக்காரன் போட்ட அட்டையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. டெப் கேட்டால் இன்னும் தெரியவில்லை என்று சொல். கோட்டு பெட்டியிலேயே இருக்கட்டும்.

இப்போதைக்கு நிலைமை மோசமில்லை. சின்னப் பையன் தினமும் ஆடிப் பழக வேண்டும், பெஞ்சில் உட்காரக் கிழவன் போதும் என்று மேனேஜர் ரஸ்ஸிடமே சொன்னாராம். முப்பத்தொரு வயதில் கிழவன் என்று அழைக்கப்பட்டதில் இவ்வளவு சந்தோஷப்பட்டவனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த டிராய் அடிக்கிறான், கார்லா. நேற்று ஒரு பந்து வேலியைத் தாண்டி வாகன நிறுத்தத்தில் போய் விழுந்தது. அப்படி அடிக்கிறவனை யார் கீழே அனுப்புவார்கள்?

அவன் பெண்டாட்டி லூ ஆன் தினமும் மைதானத்தில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். ஒரு பை நிறைய அவித்த வேர்க்கடலை, ஓயாத பேச்சு. என்னை “மிஸ் நொரீன்” என்கிறாள். அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு மரியாதையாம். எனக்கென்னவோ ஊன்றுகோல் நீட்டியது மாதிரி இருக்கிறது. அவள் புருஷன் அடித்தால் நான் கைதட்ட வேண்டும், என் புருஷன் அடித்தால் அவள் கைதட்ட வேண்டும். இரண்டு பேரும் தட்டுகிறோம். சத்தம்தான் கொஞ்சம் கம்மி.

டெப்பிடம் சொல், அப்பா அவள் கொடுத்த ஆரஞ்சு நிற நகப்பூச்சைத்தான் போட்டுக்கொள்கிறார் என்று. பந்து எறியும் பிட்சருக்குக் கேட்சர் காட்டும் விரல் சைகை வெயிலிலும் நிழலிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா? எல்லாரும் வெள்ளை பூசுகிறார்கள், இவன் மட்டும் ஆரஞ்சு. கேலி செய்கிறவர்களிடம் என் பெண் கொடுத்தது என்று கையை நீட்டிக் காட்டுகிறான்.

உன் அக்கா,
நொரீன்

மார்ச் 18

அன்புள்ள கார்லா,

உன் கடிதமும் டெப் வரைந்த படமும் வந்தன. பனி மனிதன் தலையில் பல்லி உட்கார்ந்திருக்கிறதே, இரண்டு ஊரையும் ஒரே தாளில் முடித்துவிட்டாள். ரஸ் அதைத் தன் அலமாரியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறான்.

இங்கே யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆட்களைக் கழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் உடைமாற்றும் அறைக்கு ஒரு ஆள் வருவானாம், தோளைத் தொட்டு மேனேஜர் கூப்பிடுகிறார் என்பானாம், அவ்வளவுதான். மோட்டலில் இருக்கும் எங்களுக்குச் செய்தி கார் சத்தத்தில் வரும். ஆட்டம் முடிந்து திரும்புகிற நேரத்துக்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு கார் உள்ளே வந்தால் யாரோ ஒருவனுக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். எல்லா ஜன்னல் திரையும் ஒரு விரற்கடை விலகும். முந்தாநாள் கீழ் அறை பிட்சரின் கார். அவன் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரத்தோடு அப்படியே மறுபடி கூடையில் போட்டாள். நான் தபால்காரன் வண்டிக்கெல்லாம் எழுந்து ஓடுகிறேன்.

இனி சொல்லப்போவதை மார்வினிடம்கூடச் சொல்லாதே.

நேற்றுச் சாயங்காலம் லூ ஆன் நகப்பூச்சு கடன் கேட்டு வந்தாள், பின்னாலேயே டிராய். ரஸ் ஐஸ் வாங்கப் போயிருந்தான். லூ ஆன் பூசினால் விரலெல்லாம் அப்பிவிடும், அதனால் நானே பூசிவிடுகிறேன் என்று அவன் வலது கையை இழுத்து மேசைமேல் வைத்தேன். பழைய பூச்சைத் துடைக்கப் பஞ்சை எடுத்தபோது, துடைக்க வேண்டாம், மேலேயே பூசிவிடுங்கள் என்றான். எனக்கு அழுக்கின்மேல் பூசிப் பழக்கமில்லை. ஆள்காட்டி விரலைத் துடைத்தேன். அடியில் நகம் முழுவதும் கறுப்பு. நுனி வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பஞ்சு பட்டதற்கே அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கார் கதவில் நசுங்கிவிட்டது என்றான். லூ ஆன் சொல்லிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தியதை நேற்றுத்தான் பார்த்தேன். நான் பத்து வருடமாகக் கேட்சரின் விரலுக்குப் பூச்சுப் போடுகிறவள், கார்லா. மட்டையின் ஓரத்தில் பட்டுத் தெறித்த பந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ரஸ்ஸின் மோதிர விரல் கோணலாக இருக்கிறதே, அது இப்படித்தான். இரண்டாவது வருட முகாமில் உடைந்தது. வெளியே சொன்னால் இடம் போய்விடும் என்று டேப்பைச் சுற்றி மறைத்தான். இடம் கிடைத்தது, இரண்டு வாரத்துக்கு. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அதற்கப்புறம் அவன் எறியும் பந்து பழையபடி நேராகப் போகவே இல்லை. அவன் இத்தனை வருடமும் கையிருப்பாகவே இருந்ததற்கு அந்த விரல்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நான் ஒன்றும் கேட்காமல் பூசிவிட்டேன். நல்ல தடிமனாக, இரண்டு தடவை. காய்வதற்கு ஊதிக்கூட விட்டேன். ஆரஞ்சுக் குப்பியையும் கொடுத்தனுப்பினேன். வாசலில் லூ ஆன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ் நொரீன், இன்னும் பத்து நாளுதான். அப்புறம் அவனே டாக்டர்கிட்ட போயிருவான். யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

உன்னிடம் மறைப்பானேன். கதவைச் சாத்தியதும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சிவப்புக் கோட்டின் ஞாபகம்தான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை நான் சொல்லக்கூட வேண்டாம், ரஸ் காதில் போட்டால் போதும், வைத்தியர் அறையைத் தாண்டித்தான் அவன் தினமும் போகிறான். இரவு முழுக்கப் புரண்டேன். காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். அவன் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு, கோணல் விரலைத் தடவிக்கொண்டே காரில் ஏறிப் போனான். அவன் திரும்பும்வரை என்னால் அறையில் இருக்க முடியாது, தபாலில் போட நடந்தே போகிறேன்.

நொரீன்

மார்ச் 22

அன்புள்ள கார்லா,

சிவப்புக் கோட்டை எடு. அட்டையைக் கிழித்து எறி. கழுத்துப் பக்கத்துப் பித்தான் தளர்ந்திருக்கும், இறுக்கித் தைத்துவிடு. கை நீளம் போதுமா என்று டெப்புக்குப் போட்டுப் பார்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். ரஸ் வைத்தியரிடம் போகவில்லை. நேரே டிராயிடம் போனான். பயிற்சிக்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் கோணல் விரலைக் காட்டினானாம். நீயாகப் போகிறாயா, நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டானாம். டிராய் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறான். என் இடம் வேணும்னா மட்டையால ஜெயிச்சு வாங்குய்யா என்றானாம். ரஸ் வைத்தியர் அறை வாசல்வரை அவன் கூடவே நடந்திருக்கிறான். படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு இடத்தில் விரிசல். கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜூன்வரை பந்தைத் தொடக்கூடாதாம். இன்னும் ஒரு அடி வாங்கியிருந்தால் அந்த விரலால் பந்தைப் பிடிக்கவே முடியாமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

லூ ஆன் இப்போது நான்கு வரிசை தள்ளி உட்காருகிறாள். வேர்க்கடலைப் பையும் அங்கேதான். நேற்றுக் கடையில் பால் எடுக்க வந்தவள், என்னைப் பார்த்ததும் பாலை எடுக்காமலே திரும்பிப் போனாள். மற்ற மனைவிமார் என்னிடம் பேசுகிறார்கள், ஆனால் பேச்சில் ஒரு இழுப்பு. தன் புருஷனுக்கு இடம் வேண்டும் என்று அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் நான். அவர்கள் நினைப்பது முழுக்கத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஆசைப்பட்டது அதுதானே?

இருக்கட்டும். மூன்று பேரில் ஒருவன் கட்டுப்போட்டு உட்கார்ந்துவிட்டான். மீதி இரண்டு பேர், மேலே இரண்டு இடம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பெர்னியின் மனைவியே என்னைக் கூப்பிட்டு, பனி ஊரில் அவர்கள் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்றாள். மேனேஜர் ரஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாராம். அவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். வீட்டைப் பற்றிப் பேசினால், இன்னும் நாள் இருக்கு, பொறு என்கிறான். சந்தோஷப்படத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று நேற்றுச் சண்டையே போட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டை விசாரிக்காதே என்றும் சொல்லவில்லை, விசாரி என்றும் சொல்லவில்லை.

ஒன்று செய்துவிட்டேன், திட்டாதே. நேற்று நீ குளித்துக்கொண்டிருந்தபோது போனை டெப்தானே எடுத்தாள். பனி ஊரா பல்லி ஊரா என்று கேட்டாள். பனி ஊர் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் போனில் சொன்னோம் என்று உறைத்தது. சொன்னது பலிக்காமல் போய்விடக்கூடாதே என்று மேசைக் கட்டையை மூன்று தடவை தட்டினேன். ரஸ்ஸுக்குத் தெரியாது.

நொரீன்

மார்ச் 31

அன்புள்ள கார்லா,

இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கார் சத்தம் கேட்டது. திரையை விலக்கினேன். எங்கள் கார்.

அவன் உடனே இறங்கவில்லை. நானும் ஓடவில்லை. எல்லா ஜன்னலும் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும்.

கலிஃபோர்னியாக் கிளப்பிலிருந்து ஒரு கேட்சரை வாங்கியிருக்கிறார்கள். முகாம் முடிகிற நேரத்தில் ஒவ்வொரு கிளப்பும் மிஞ்சுகிறவர்களைக் கழித்துவிடும், இவர்கள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஆளைக் கீழே அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காதாம். அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற எல்லாக் கிளப்புக்கும் நீட்ட வேண்டும், எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். ரஸ்ஸின் ஒப்பந்தத்தில் அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவனை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் மேலே பெர்னியும் புது ஆளும். கீழே ரஸ். பல்லி ஊர். கையிருப்பு.

இதில் என்னைக் கொல்வது என்ன தெரியுமா? மேனேஜர் மனதுக்குள் வைத்திருந்ததை இன்று அவனிடம் சொன்னாராம். டிராய் நன்றாக இருந்திருந்தால் அவனைத்தான் கீழே அனுப்பி தினமும் ஆடவைத்திருப்பார்கள். ரஸ் மேலே போயிருப்பான். அது முகாமின் பாதியிலேயே முடிவான விஷயமாம். அந்தப் பிள்ளை விரலை மறைத்துக்கொண்டு கீழே போயிருந்தால், இந்த நேரம் நான் பனி ஊரில் அந்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பேன். விரல் உடைந்தது தெரிந்ததும்தான் கீழே ஆள் இல்லை, இன்னொருவனைத் தேடு என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

அழுதுகொண்டே அதைத்தான் சொன்னேன். எல்லாம் என்னால் வந்தது என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“உன்னால இல்ல. அவன்கிட்ட போறப்பவே எனக்குத் தெரியும்,” என்றான். “அவங்களுக்கு மூணு பேர் வேணும். மூணாவது ஆளை எங்கேருந்து கொண்டுவந்தாலும், கீழ போறவன் நான்தான். பத்து வருஷமா இதே கணக்குத்தானே போடுறாங்க.”

“தெரிஞ்சேவா போன?”

“வெரலு, நொரீன். இருபத்துநாலு வயசுப் பையன் வெரலு. என் வெரலு ஒடஞ்சப்ப எவனாவது என் காதைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்.”

அவனை அடிக்கலாம்போல இருந்தது. இப்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. தெரிந்திருந்தும் என்னை வீடு பார்க்க விட்டான், பித்தான் தைக்கச் சொல்லி உனக்கு எழுத விட்டான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பத்து நாளாவது நீ சிரிச்சுக்கிட்டு இருந்தியே என்கிறான். இந்த மனுஷனை என்ன செய்வது? நானும் ஒன்றைச் சொல்லிவிட்டேன், போனில் டெப்பிடம் உளறியதை. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அட, அப்ப கிளப்பு மேல தப்பே இல்ல, எல்லாம் உன் போன்தான் என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் மறுபடி அழுதேன்.

சாயங்காலம் லூ ஆன் வந்தாள். செய்தி மோட்டல் முழுக்கப் பரவிவிட்டது. நாளைக் காலையில் அவர்கள் ஜார்ஜியாவுக்குப் புறப்படுகிறார்கள், விரல் கூடும்வரை அவன் அம்மா வீடு. காரில் டிராய் இருந்தான், கட்டுப்போட்ட கை ஜன்னலுக்கு மேலே தெரிந்தது. அவள் உள்ளே வரவில்லை. அன்று கடன் வாங்கிய ஆரஞ்சுக் குப்பியை என் கையில் வைத்தாள்.

“நாங்க வேற மாதிரி நெனச்சுட்டோம், மிஸ் நொரீன்.”

நீ நினைத்ததில் பாதி சரிதான் என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பாதி என்னுடையது, ரஸ்ஸுடையது இல்லை. வேர்க்கடலைப் பை எங்கே என்று மட்டும் கேட்டேன். காரிலிருந்து எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள். இந்தக் கடிதத்தில் உப்புக் கறை இருந்தால் அது கடலையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்.

நாங்கள் வியாழக்கிழமை புறப்படுகிறோம். பழைய வீட்டுக்காரியிடம் பேசிவிட்டேன், அதே வீடு, அதே பள்ளிக்கூடம். சனிக்கிழமை டெப்பைப் பல்லி ஊர் விமானத்தில் ஏற்றிவிடு, பணிப்பெண்ணிடம் சொல்லி ஒப்படைத்துவிடு. மெல்லிய துணியாகப் பார்த்து வை. நீச்சலுடை போன வருடத்தது பத்தாது, இங்கே வாங்கிக்கொள்கிறேன்.

அவளிடம் நீ ஒன்றும் விளக்க வேண்டாம், அது என் வேலை. அப்பாவுக்கு இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்பாவின் நகங்களில் பூச்சு போய்விட்டது, அவள் வந்துதான் பூச வேண்டும், குப்பியில் அவளுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறோம் என்று சொல். அந்தக் கோணல் விரலுக்கு முதலில் பூசச் சொல்.

நீ இத்தனை நாள் அவளைப் பார்த்துக்கொண்டதற்கு நான் என்ன சொன்னாலும் போதாது. உன் வீட்டில் ஒருநாளும் குறை வராமல் இருக்கட்டும். ஒரே ஒரு உதவி பாக்கி இருக்கிறது. அவள் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம் பிடிப்பாள். வேண்டாம் என்று சொல்லாதே, கார்லா. கழுத்துப் பித்தான்வரை போட்டே அனுப்பு. நான் அந்த வெயிலில் விமானம் இறங்கும் இடத்திலேயே நிற்பேன், கோட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொள்கிறேன்.

என்றும் உன் அக்கா,
நொரீன்